விதி வகுப்போரும் விளைவிப்போரும்: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிகக் கொள்கையும் மூலவளக் கொள்கையும் வளரும் நாடுகளை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றி வந்த கேள்விகளுக்கே இம்முறை இந்தப் பகுதி முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்தும் நீண்ட கேள்விகளைச் சுருக்கியும் தந்துள்ளோம்.

கேள்வி: ஐரோப்பாவில் இத்தனை நாடுகள் இருக்கும்போது "ஐரோப்பாவின் கொள்கை" என்று ஒன்றைச் சொல்வது பொருந்துமா? பிரான்சும் போலந்தும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கமாட்டார்களா?

பதில்: இழுப்பார்கள், ஆனால் வெளி வணிகத்தைப் பொறுத்தவரை அந்த இழுபறி உள்ளேயே முடிந்துவிடும். 1968-இல் ஆறு நாடுகளுடன் நிறைவுபெற்ற சுங்க ஒன்றியம் இன்று 27 நாடுகளைக் கொண்டது. வெளியிலிருந்து வரும் ஒரு பொருளுக்கு அந்த 27 நாடுகளிலும் விதிக்கப்படும் சுங்கவரி ஒன்றே. உறுப்பு நாடு எதுவும் தனியாக வணிக ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. எல்லோருக்கும் சேர்த்து ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே பேச்சு நடத்துகிறது. ஏறத்தாழ 45 கோடி நுகர்வோரைக் கொண்ட சந்தை ஒரே குரலில் பேசும்போது, எதிரே அமர்ந்திருப்பது ஒரு கோடி மக்கள்கூட இல்லாத நாடாக இருந்தால், அந்தப் பேச்சு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பா தன் சந்தைக்காக எழுதும் தர விதிகளைப் பல நிறுவனங்கள் உலகெங்கும் தம் பொது விதியாகவே ஆக்கிக்கொள்கின்றன, ஏனெனில் ஒரே பொருளை இரண்டு தரங்களில் செய்வதைவிடக் கடுமையான தரத்தில் ஒரே முறை செய்வது மலிவு. ஆகவே ஐரோப்பாவுக்கு எதையும் விற்காத நாட்டுக்கும் அந்த விதி ஒருநாள் வந்து சேரும்.

கேள்வி: மிக வறிய நாடுகளின் பொருள்களுக்கு ஐரோப்பா வரியே வாங்குவதில்லை என்று படித்தேன். அப்படியிருக்கக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் அல்லவா? (வணிகவியல் மாணவி ஒருவரின் கேள்வி)

பதில்: நீங்கள் படித்தது உண்மை. 2001 முதல் நடப்பில் உள்ள "ஆயுதம் தவிர அனைத்தும்" என்ற ஏற்பாட்டின்படி, மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகள் என்று ஐக்கிய நாடுகள் அவை வகைப்படுத்தியுள்ள நாடுகளின் எல்லாப் பொருள்களும், ஆயுதங்களைத் தவிர, வரியும் அளவுக் கட்டுப்பாடும் இன்றி ஐரோப்பாவுக்குள் செல்லலாம். வங்கதேசத்தின் ஆடைத் தொழில் இந்த அளவு வளர்ந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. குறிப்பாக, 2011-இல் விதி தளர்த்தப்பட்டு, வெளிநாட்டுத் துணியைத் தைத்து அனுப்பினாலும் வரிவிலக்கு உண்டு என்றான பிறகு, அந்த நாட்டின் ஏற்றுமதிக்குப் புதிய வேகம் கிடைத்தது. இதை மறைத்துவிட்டு ஐரோப்பாவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் இது ஒப்பந்தம் அன்று, சலுகை. கொடுத்தவரே திரும்பப் பெறலாம். மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, 2020 ஆகஸ்டில் கம்போடியாவின் ஐரோப்பிய ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கான சலுகை நிறுத்தப்பட்டது. மிக வறிய நாடுகளுக்குச் சற்று மேலே உள்ள நாடுகளுக்கான "ஜி.எஸ்.பி. பிளஸ்" என்ற சலுகையை இலங்கை 2010 ஆகஸ்டில் இழந்து 2017 மே மாதத்தில்தான் மீண்டும் பெற்றது, மனித உரிமை உடன்படிக்கைகளை அந்நாட்டு அரசு நடைமுறைப்படுத்தத் தவறியதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இந்த மொழியின் வாசகர்களுக்கு அதை விளக்கவும் வேண்டாம். எனினும், ஓர் அரசைத் திருத்துவதற்காக இழுக்கப்படும் கயிறு முதலில் இறுகுவது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் மேல்தான் என்பதையும், அந்தக் கயிற்றை எப்போது இழுப்பது, யார்மேல் இழுப்பது என்ற முடிவு முழுவதும் ஒரு தரப்பிடமே இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சலுகையை எடைபோட வேண்டும்.

கேள்வி: கொக்கோ விளைவது ஆப்பிரிக்காவில், சாக்லேட் செய்து லாபம் பார்ப்பது ஐரோப்பா. கொக்கோ விதைக்கு வரி இல்லாமலும் பதப்படுத்திய கொக்கோவுக்கு வரி போட்டும் ஐரோப்பா செய்யும் சூழ்ச்சிதான் இதற்குக் காரணம் என்கிறார்களே?

பதில்: பாதி சரி. கொக்கோ விதைக்கு ஐரோப்பாவில் பொதுவான சுங்கவரி எதுவும் இல்லை. கொக்கோ வெண்ணெய்க்கு 7.7 விழுக்காடும், பொடிக்கு 8 விழுக்காடும், விழுதுக்கு 9.6 விழுக்காடும் வரி உண்டு. காபியிலும் இதே ஏணிதான்: பச்சைக் கொட்டைக்கு வரி இல்லை, வறுத்ததற்கு 7.5 விழுக்காடு. மூலப்பொருளை வரவேற்று, செய்பொருளைத் தடுக்கும் இந்த அமைப்பு காலனியக் காலத்துச் சிந்தனையின் எச்சம் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்டும் கானாவும் இந்த வரியைக் கட்டுவதில்லை. 2016-இல் நடைமுறைக்கு வந்த இடைக்காலப் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தங்களின்படி அவற்றின் பதப்படுத்திய கொக்கோவும் வரியின்றிச் செல்கிறது. எத்தியோப்பியா, மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடு என்ற முறையில், 2001 முதலே வறுத்த காபியை வரியின்றி அனுப்பலாம். இருந்தும் அங்கிருந்து செல்வதில் மிகப் பெரும்பகுதி பச்சைக் கொட்டையே. ஆகவே வரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் உண்மையான காரணங்கள் தப்பிவிடும். வறுத்த காபி விரைவில் மணம் இழக்கும். கடையில் விற்கும் காபித்தூள் பெரும்பாலும் பல நாட்டுக் கொட்டைகளின் கலவை. அந்தக் கலவையைத் துறைமுகத்துக்கு அருகில் செய்வதே எளிது. சாக்லேட்டுக்குப் பாலும் சர்க்கரையும் குளிர்பதன வசதியும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். ஆலை அமைக்க மேற்கு ஆப்பிரிக்கத் தொழில்முனைவோர் கடனுக்குக் கட்டும் வட்டி ஐரோப்பியப் போட்டியாளர் கட்டுவதைப் போலப் பல மடங்கு. இவை அனைத்தையும் தாண்டினாலும், நூறு ஆண்டு விளம்பரத்தால் நிலைபெற்ற பெயர்களோடு கடை அலமாரியில் இடம்பிடிக்கப் போராட வேண்டும்.

அரைக்கும் நிலை வரைக்கும் ஐவரி கோஸ்ட் வந்துவிட்டது என்பது ஊக்கம் தரும் செய்தி. கொக்கோ அரைப்பதில் அது இன்று நெதர்லாந்துக்கு ஈடாக நிற்கிறது. விலைப் பக்கத்தில்தான் நிலைமை மோசம். உழவர் வாழ்க்கைச் செலவுக்காக டன் ஒன்றுக்குக் கூடுதலாக 400 டாலர் என்று இரண்டு நாடுகளும் சேர்ந்து 2020–21 பருவத்திலிருந்து வாங்குவோரிடம் கேட்டன. வாங்குவோர் அதைக் கொடுத்துக்கொண்டே, தரத்துக்காக முன்பு தந்துவந்த மிகைத்தொகையைக் குறைத்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியபோது, அந்த உயர்வு உழவர் கைக்கு முழுமையாகப் போகாததற்கு ஐரோப்பா காரணம் அன்று. விளைச்சலை முன்கூட்டியே விற்றுப் பருவத் தொடக்கத்திலேயே கொள்முதல் விலையை நிர்ணயிக்கும் அந்த நாடுகளின் சொந்த முறைதான் காரணம்.

கேள்வி: ஐரோப்பிய உழவர்களுக்கு அவர்கள் அரசுகள் மானியம் கொடுப்பதால் ஆப்பிரிக்க உழவருக்கு என்ன நட்டம்?

பதில்: 1962-இல் தொடங்கிய பொது வேளாண் கொள்கை, 2021 முதல் 2027 வரையான காலத்துக்கு மட்டும் சுமார் 38,700 கோடி யூரோவை ஒதுக்கியுள்ளது, ஒன்றியத்தின் நிதிநிலை அறிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இது. முன்பு மிஞ்சிய விளைச்சலை வெளிநாட்டில் தள்ளிவிட ஏற்றுமதி மானியமே நேரடியாகக் கொடுத்தார்கள். அந்த முறை கைவிடப்பட்டது. 2015-இல் நைரோபியில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் எல்லா நாடுகளும் அதை ஒழிக்க ஒப்புக்கொண்டன. இன்று பணம் பெரும்பாலும் நிலத்தின் பரப்பளவை வைத்து உழவருக்குப் போகிறது. இது விலையைத் திரிக்காது என்பது ஐரோப்பாவின் வாதம். உற்பத்திச் செலவின் ஒரு பகுதியை வேறொருவர் ஏற்கும்போது, அதற்குக் கீழான விலையிலும் விற்றுப் பிழைக்க முடிகிறது என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டாவதே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பால் உற்பத்திக்கு இருந்த உச்சவரம்பை ஐரோப்பா 2015-இல் நீக்கியது. பாலிலிருந்து வெண்ணெயை எடுத்து நல்ல விலைக்கு விற்ற பிறகு எஞ்சும் கொழுப்பற்ற பொடியில் பாமாயிலைச் சேர்த்து, பால்பொடியைப் போன்ற ஒன்றாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். மாலி, புர்க்கினா பாசோ, செனகல் போன்ற நாடுகளில் மேய்ச்சலை நம்பி வாழும் குடும்பங்களின் பால் இதனோடு விலையில் போட்டியிட முடிவதில்லை. ஆனால் பெருமளவில் வரும் பால்பொடிக்கு மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் தாமே வைத்துக்கொண்ட பொதுச் சுங்கவரி வெறும் 5 விழுக்காடு. நகரத்து ஏழைக்கு மலிவான பால் வேண்டும் என்ற கவலையும், உள்ளூர்ப் பாலைச் சேகரித்துக் குளிரூட்டிக் கொண்டுவரும் அமைப்பு இல்லாத குறையும் அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கின்றன. கோழி இறைச்சியிலும் இதே கதைதான். ஐரோப்பியர் நெஞ்சுக்கறியை விரும்பி உண்பதால் மிஞ்சும் பகுதிகள் உறைநிலையில் மிக மலிவாக வெளியேறுகின்றன. அதைத் தடுக்கத் தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட தென் ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் 2018-இல் 35.3 விழுக்காடு பாதுகாப்பு வரி விதித்தபோது, ஐரோப்பா நடுவர் மன்றத்துக்குச் சென்று 2022-இல் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது.

கேள்வி: காடழிப்பைத் தடுக்க ஐரோப்பா கொண்டுவந்துள்ள சட்டத்தை வளரும் நாடுகள் எதிர்ப்பது ஏன்? காடு அழிந்தால் அவர்களுக்கும்தானே கேடு?

பதில்: கேடுதான். சட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மாடு, கொக்கோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் இவற்றிலிருந்து செய்யப்படும் பொருள்களும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவையாக இருந்தால் ஐரோப்பியச் சந்தைக்குள் வரக்கூடாது என்பது 2023-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் சாரம். விளைந்த நிலம் எது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகைக் குறியீடுகளோடு காட்ட வேண்டும். நிலம் 4 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அதன் எல்லைக்கோட்டையே வரைந்து தர வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு, அதன் ஐரோப்பிய ஆண்டு விற்றுமுதலில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத உச்சவரம்பு வரை அபராதம் விதிக்கலாம்.

இனி இதை எத்தியோப்பியக் காபி உழவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவரிடம் இருப்பது இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான நிலம். பட்டா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் பறித்த பழம் அருகிலுள்ள கழுவும் நிலையத்தில் நூற்றுக்கணக்கானோரின் பழத்தோடு கலக்கிறது. அங்கிருந்து வணிகர் கைக்குப் போய் மேலும் கலக்கிறது. ஒரு மூட்டைக்குள் எந்தக் கொட்டை எவர் நிலத்தது என்று கண்டுபிடிப்பது இந்த அமைப்பில் இயலாது. இயலச் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு நிலத்தையும் அளந்து பதிந்து, ஒவ்வொரு கைமாற்றத்தையும் பிரித்து வைக்கும் புதிய அமைப்பு ஒன்றைக் கட்ட வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பது சட்டத்தில் இல்லை. சட்டப்படி பொறுப்பு இறக்குமதியாளருடையது. ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அவரிடம் எளிய வழி ஒன்று உள்ளது. ஆயிரம் சிறு உழவர்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வரைபடமும் கணினியும் வைத்திருக்கும் ஒரு பெருந்தோட்டத்திடம் வாங்கலாம். காட்டை அழிக்காத சிறு உழவர் சந்தையை இழந்து, எப்போதோ காட்டை அழித்து முடித்துவிட்ட பெருந்தோட்டம் தகுதிச் சான்று பெறுவது நோக்கத்துக்கு நேர்மாறான விளைவு.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வரவேண்டிய இந்தச் சட்டம் முதலில் ஓராண்டும், 2025 இறுதியில் மேலும் ஓராண்டும் தள்ளிவைக்கப்பட்டது. இந்தோனேசியா, மலேசியா, பிரேசில் போன்ற நாடுகளின் எதிர்ப்பு ஒரு காரணம். ஆனால் ஐரோப்பாவின் சொந்த மர வணிகர்களும் உழவர்களும் சில உறுப்பு நாடுகளும் எதிர்த்ததும், இந்தச் சட்டத்துக்கான கணினி அமைப்பே அந்தச் சுமையைத் தாங்காது என்று தெரிந்ததும்தான் காலக்கெடுவை நகர்த்தின. முதல் காலக்கெடுவை நம்பிப் பணம் செலவழித்து நிலங்களை அளந்து முடித்த நாடுகளுக்கு, குறிப்பாக மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோ நாடுகளுக்கு, யாரும் ஈடு தரப்போவதில்லை.

கேள்வி: கரிம எல்லை வரி என்றால் என்ன? இந்தியா ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறது?

பதில்: ஐரோப்பாவில் உருக்கோ சிமென்டோ செய்யும் ஆலை, தான் வெளியிடும் கரிமத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டு ஆலைக்கு அந்தச் செலவு இல்லாததால், உற்பத்தி வெளிநாட்டுக்குப் பெயர்ந்துவிடும் என்று அஞ்சி, எல்லையில் அதே அளவு செலவை இறக்குமதியாளர்மேல் சுமத்துகிறார்கள். இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமென்டு, உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கு 2023 அக்டோபரில் கணக்குக் காட்டுவதாகத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் பணம் கட்ட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஆலைகள் இதுவரை இலவசமாகப் பெற்றுவந்த சீட்டுகள் 2034-க்குள் படிப்படியாக நிறுத்தப்படும்.

கணக்கு என்ற அளவில் இது ஒழுங்கானதே. சிக்கல் வரலாற்றில் இருக்கிறது. காலநிலைப் பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் ஒரே அளவானது அன்று என்பதே 1992-இல் ரியோவில் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட நெறி. இருநூறு ஆண்டு நிலக்கரி எரித்து வளர்ந்த நாட்டின் உருக்கும், இப்போதுதான் பாலமும் வீடும் கட்டத் தொடங்கியிருக்கும் நாட்டின் உருக்கும் எல்லையில் ஒரே கரிம விலையால் அளக்கப்படுவது அந்த நெறியைப் பின்வாசல் வழியாக ரத்து செய்வதாகும் என்பது இந்தியாவின் வாதம். இந்தியாவில் உருக்கின் பெரும்பகுதி நிலக்கரியை நம்பியே செய்யப்படுவதால் டன்னுக்கான கரிமம் ஐரோப்பாவைவிடக் கூடுதல். ஆகவே சுமையும் கூடுதல். மிக வறிய நாடுகளுக்குக்கூட இதில் விதிவிலக்கு இல்லை. 2025-இல் செய்த திருத்தத்தால், ஆண்டுக்கு 50 டன்னுக்கும் குறைவாக இறக்குமதி செய்வோர் விடுபட்டார்கள். அது ஐரோப்பியச் சிறு வணிகருக்கான சலுகையே அன்றி ஏழை நாட்டுக்கானது அன்று.

எதிர்ப்போர் அதிகம் பேசாத பக்கம் ஒன்று உண்டு. உற்பத்தி செய்யும் நாட்டிலேயே கரிமத்துக்கு விலை கட்டியிருந்தால், அந்தத் தொகை எல்லையில் கழித்துக்கொள்ளப்படும். அதாவது, கட்டப்போகும் பணத்தை ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகவிடாமல் உள்நாட்டிலேயே வசூலித்து உள்நாட்டு ஆலைகளைத் திருத்தச் செலவிடலாம். இந்தியா 2023-இல் அறிவித்த கரிம வணிகத் திட்டம் அந்தத் திசையில் வைத்த அடி. எதிர்ப்பதும் ஆயத்தமாவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதில் முரண் ஏதும் இல்லை.

கேள்வி: தன் நிலத்தில் கிடைக்கும் தாதுவைத் தோண்டி விற்கமாட்டேன், பதப்படுத்தித்தான் விற்பேன் என்று சொல்ல ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?

பதில்: உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, பொதுவாக இல்லை என்பதே விடை. இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியம் வழக்குத் தொடர்ந்துவிட்டது. 2022 நவம்பரில் வந்த தீர்ப்பு ஐரோப்பாவுக்கே சாதகம்: அளவுக் கட்டுப்பாடு கூடாது என்ற பொது விதியை இந்தோனேசியா மீறிவிட்டது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமர்வில் போதிய உறுப்பினர் இல்லாமல் அது செயலற்றுக் கிடப்பதால் வழக்கு அந்தரத்தில் நிற்கிறது, தடையும் நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் உருக்காலைகள் இந்தோனேசியாவில் எழும்பின. நிக்கல் சார்ந்த ஏற்றுமதி வருமானம் பல மடங்கு பெருகியது. அந்த ஆலைகளில் பெரும்பாலானவை சீன முதலீடு என்பதும், அவற்றுக்கு நிலக்கரி மின்சாரம் என்பதும், சுலவேசி, ஹல்மஹேரா தீவுகளில் காடும் கடலும் அதற்கு விலை கொடுத்தன என்பதும் அதே படத்தின் மறுபாதி.

ஐரோப்பாவின் தேவை வெளிப்படையானது. மின்வாகனத்துக்கும் காற்றாலைக்கும் வேண்டிய கனிமங்களில் சீனாவைச் சார்ந்திருப்பதைக் குறைக்க 2024-இல் முக்கிய மூலப்பொருள் சட்டம் கொண்டுவந்தார்கள். 2030-க்குள் தேவையில் 10 விழுக்காட்டைத் தோண்டுவதும், 40 விழுக்காட்டைப் பதப்படுத்துவதும், 25 விழுக்காட்டை மறுசுழற்சி செய்வதும் ஐரோப்பாவுக்குள்ளேயே நடக்க வேண்டும். எந்த ஒரு வெளிநாட்டையும் 65 விழுக்காட்டுக்கு மேல் நம்பக்கூடாது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். தோண்டுவதில் பத்து, பதப்படுத்துவதில் நாற்பது என்றால், இடையிலுள்ள தாதுவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். மூல நாட்டிலேயே மதிப்புக் கூட்டுவோம் என்று கூட்டாண்மை ஆவணங்களில் எழுதுகிறார்கள். சட்டத்தின் இலக்கு வேறொன்றைச் சொல்கிறது.

கிழக்குக் காங்கோவில் இந்த முரண்பாடு குருதியோடு கலக்கிறது. ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகும் வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றைத் தடுக்க 2021 ஜனவரி முதல் ஐரோப்பாவில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. அப்படியிருந்தும், 2024 பிப்ரவரியில் மூலப்பொருள் கூட்டாண்மைக்காக ருவாண்டாவோடு ஐரோப்பிய ஆணையம் புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டது. காங்கோவின் டான்டலத் தாது ருவாண்டா வழியாகக் கடத்தப்படுகிறது என்று ஐக்கிய நாடுகள் நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நேரம் அது. ருவாண்டா ஆதரவு பெற்ற எம்23 கிளர்ச்சிக் குழு 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரைக் கைப்பற்றிய பிறகுதான் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த ஆவணத்தை நிறுத்திவைக்கக் கோரியது. மார்ச்சில் சில தடைகள் வந்தன. ஒரு கை எழுதிய விதியை மறு கை படிக்கவில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கடலில் மீன்பிடிக்கப் பணம் கொடுக்கின்றன அல்லவா? பிறகு என்ன கொள்ளை?

பதில்: கொள்ளை என்ற சொல் சரியன்று. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கரையோர நாடு தன்னால் பிடிக்க முடியாத மிகை மீனைப் பிறர் பிடிக்க அனுமதிக்கலாம். அதற்கு ஐரோப்பா பணம் தருகிறது. மொரிட்டேனியாவுக்கு 2021 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு சுமார் 5.75 கோடி யூரோ. ஒப்பந்தங்கள் வெளியிடப்படுகின்றன, கப்பல்கள் கண்காணிக்கப்படுகின்றன. அதே கடலில் மீன்பிடிக்கும் வேறு சில நாட்டுக் கப்பல்களின் ஒப்பந்தங்களை யாரும் பார்த்ததேயில்லை. ஆனால் "மிகை" எவ்வளவு என்று கணக்கிட ஆய்வுக் கப்பலும் அறிவியலாளரும் தேவை. அவை போதாத நாட்டில் மிகை என்பது பேச்சு மேசையில் முடிவாகும் எண்ணாகிவிடுகிறது.

சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடிப்பைத் தடுக்க ஐரோப்பா காட்டும் மஞ்சள் (எச்சரிக்கை), சிவப்பு (இறக்குமதித் தடை) அட்டைகளையும் சொல்ல வேண்டும். சிவப்பு அட்டை பெற்ற இலங்கையின் மீன் 2015 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்குள் போகவில்லை. ஆழ்கடல் படகுகளின் கண்காணிப்பைச் சீர்செய்த பிறகு 2016 ஜூனில் தடை நீங்கியது. நட்டம் கடுமையாக இருந்தாலும், கண்காணிப்பு உண்மையில் மேம்பட்டது. செனகலுக்கு 2024 மே மாதம் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டுடனான மீன்பிடி ஒப்பந்தமும் காலாவதியானது.

கேள்வி: உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பா எரிவாயுவை அள்ளிக்கொண்டதால் ஆசிய நாடுகள் இருளில் மூழ்கின என்பது உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. ரஷ்யக் குழாய் எரிவாயு குறைந்ததும், 2022-இல் ஐரோப்பாவின் திரவ எரிவாயு இறக்குமதி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 60 விழுக்காடு உயர்ந்தது. உலகில் உற்பத்தி அந்த அளவு கூடவில்லை. ஆகவே யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். 2022 ஜூலையில் சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள எரிவாயுவுக்குப் பாகிஸ்தான் ஏலம் அறிவித்தபோது ஒருவர்கூட விலை கேட்கவில்லை. வங்கதேசம் அதே மாதத்தில் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி, மின்வெட்டை அறிவித்தது. ஐரோப்பா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, எவரையும் தடுக்கவுமில்லை. கூடுதல் விலை கொடுத்தது, அவ்வளவே. எரிவாயு தூய்மையான இடைக்கால எரிபொருள் என்று கேட்டு நம்பி மின்நிலையம் கட்டிய நாடுகள்தான் மீண்டும் நிலக்கரியை நாடின.

கேள்வி: சீனாவோ அமெரிக்காவோ இதைவிட மேலா?

பதில்: இல்லை. ஐரோப்பாவின் விதிகளை அச்சில் படிக்க முடிகிறது, அதன் நீதிமன்றத்தில் வழக்காட முடிகிறது, அதன் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் குரல் எழுகிறது. இந்த அளவுக்கு விரிவாக அதைக் குறைசொல்ல முடிவதே அதனால்தான்.

கேள்வி: ஐரோப்பாவில் தடைசெய்த பூச்சிமருந்துகளை அங்கேயே தயாரித்து வளரும் நாடுகளுக்கு விற்கிறார்கள் என்பது உண்மையா? பிளாஸ்டிக் குப்பையையும் அனுப்புகிறார்களாமே?

பதில்: இரண்டும் உண்மை. ஐரோப்பிய வயல்களில் தெளிக்கக்கூடாது என்று தடைசெய்யப்பட்ட மருந்துகளை ஏற்றுமதிக்காகத் தயாரிப்பதற்கு ஒன்றிய அளவில் பொதுத் தடை இல்லை. அதை நிறுத்துவதாக 2020-இல் ஐரோப்பிய ஆணையம் வாக்குறுதி தந்தது, சட்டம் வரவில்லை. பிரான்சு 2022 முதல் தானாகத் தடை விதித்தது. இதே ஐரோப்பாதான், டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 2017-இல் 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. இந்தியப் பாசுமதி ஏற்றுமதியாளர்கள் அதில் பெரிதும் அடிபட்டார்கள். அந்த மருந்தைக் குறைவாகப் பயன்படுத்திய பாகிஸ்தான் பயனடைந்தது. தன் தட்டில் விழுவதற்கு ஓர் அளவுகோல், பிறர் வயலில் தெளிப்பதற்கு வேறோர் அளவுகோல் என்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

குப்பையில் மாற்றம் வருகிறது. 2018-இல் சீனா கதவை மூடியதும் மலேசியா, வியட்நாம், துருக்கி போன்ற நாடுகளுக்கு ஐரோப்பியப் பிளாஸ்டிக் கழிவு திரும்பியது. மலேசியா பல கொள்கலன்களை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியது. 2024-இல் திருத்தப்பட்ட விதிப்படி, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பில் உறுப்பினராக இல்லாத நாடுகளுக்குப் பிளாஸ்டிக் கழிவை அனுப்புவது 2026 நவம்பர் 21 முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு முற்றிலும் தடைசெய்யப்படுகிறது. அதன் பிறகு, கழிவை முறையாகக் கையாள முடியும் என்று காட்டும் நாடுகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துருக்கி அந்த அமைப்பின் உறுப்பினர் என்பதால், இந்தத் தடை அதற்குப் பொருந்தாது.